ஏர் எடுக்கிற மத்தியானம்

"மிதிங்க" என்று வண்டிக்கு அடியிலிருந்து இலியாஸ் பாய் குரல் கொடுக்கிறார், மிதிக்கிறேன். "அப்படியே புடிச்சுக்கங்க" என்கிறார், பிடித்துக்கொள்கிறேன். கீழே ஸ்பேனர் திரும்புகிற சத்தம் கேட்கிறது, பின்சக்கரத்து நிப்பிள் திறந்து ஆயிலும் காற்றுமாக ட்யூப் வழியே பாட்டிலுக்குள் கொப்பளித்துப் போகிறது, பெடல் என் காலையும் கூட்டிக்கொண்டு தரை வரைக்கும் இறங்குகிறது, நிப்பிள் மறுபடி இறுகுகிறது, "விடுங்க" என்கிறார், விடுகிறேன். மறுபடியும் மிதிங்க. பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற வேலை, சாப்பிட்டு வந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், அவர் கீழே, நான் மேலே, நடுவில் இந்த லாரி. சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் தகரம் வேய்ந்த பட்டறை, பக்கத்துப் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரம் விழுகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது, நிற்கும்போது பைபாஸில் போகிற வண்டிகளின் இரைச்சல் வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. கேபினுக்குள் அனல். புது பெயிண்ட் வாசனையும் புது சீட்டின் ரெக்சின் வாசனையும் கலந்து தொண்டையில் நிற்கிறது. என் வேலை சுலபமான வேலை. மிதி என்றால் மிதிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும், யோசிக்கிறதெல்லாம் அவர் பாடு. இப்படி ஒரு வேலை கிடைத்தால் சாகிற வரைக்கும் செய்யலாம் என்று நினைக்கிறேன், அப்படி நினைப்பது சோகமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. ஒரே சிரமம், எனக்கு வலது பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முட்டி எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் பெடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது சென்னியப்பன், தானா சரியாயிரும் என்றார். சரியாகவில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் எனக்குத் தெரியாது, தெருவில் யாராவது சொன்னால் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வருவேன். அந்தக் காலைத்தான் இப்போது பிரேக்கின் மேல் வைத்திருக்கிறேன்.

என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. மிதிப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும், பட்டறையில் ஆட்கள் இருக்கிறார்கள். நேற்று போன் பண்ணி, "சென்னியண்ணா, வண்டி ரெடியாவுது, பின்னாடி டிரம்மைக் கழட்டிப்போட்டு டிஸ்க்கு வெக்கறேன், ஏர் எடுக்கறதுக்கு நீங்க வரோணும்" என்றார். நானா என்றேன். "கலாமணியக்கா உங்களைத்தான் கூப்பிடச் சொன்னாங்க" என்றார். கலாமணி என் அக்கா. வண்டி அவளுடையது, அதாவது மச்சானுடையது, மச்சான் பொங்கியண்ணன் போய்ச் சேர்ந்ததால் அவளுடையது. நானும் மச்சானும் மாற்றி மாற்றி ஓட்டினோம். சரி, விற்கப்போகிறாள், வாங்குகிறவன் பிரேக்கை மாற்றிக் கொடு என்று கேட்டிருப்பான், யார் ஓட்டினானோ அவனே வந்து சரி பார்த்துக் கொடுக்கட்டும் என்று நினைத்திருப்பாள். இதுவும் நியாயம்தான். வந்தேன். இந்தக் கேபினில் ஏறி உட்கார்ந்தால் என்னென்னவோ ஆகும் என்று வீட்டில் என் சம்சாரம் பயந்தாள், வேண்டாங்க, நெஞ்சைக் கிஞ்சைப் புடிச்சிரப்போவுது என்றாள். ஒன்றும் ஆகவில்லை. ஏறினேன், கதவைச் சாத்தினேன், உட்கார்ந்தேன். பல்லுக்கு மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தையே நாம் கையால் தொட்டுப் பார்ப்போமே, யாருடைய கன்னமோ மாதிரி, அப்படி ஸ்டீரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். புது ஸ்டீரிங். இடதுபக்கத்துக் கதவும் புதுசு, இன்னும் பெயிண்ட் அடிக்காமல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகு அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றெல்லாம் இல்லை, கழுத்து திரும்பவில்லை, அவ்வளவுதான். மிதிங்க. மிதிக்கிறேன். விடுங்க.

இலியாஸ் பாய் கீழே படுத்துக்கொண்டே பேசுகிற ஆள். டிரம்மு மூடி வெச்ச சட்டி மாதிரிங்ணா, உள்ளே லைனர் தேயற சூடு வெளிய போவாது, டிஸ்க்குன்னா தட்டு, காத்தோட்டமா இருக்கும், சூடு நிக்காது, என்று காலையில் சொன்னார். ஆக்சிலில் புதுசாக பிராக்கெட் வைத்திருக்கிறார், தட்டைக் கவ்வுகிற காலிப்பர் மாட்டியிருக்கிறார், தட்டு பளபளவென்று இருக்கிறது. அப்புறம் பெடலுக்கு அந்தப் பக்கம் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின்பக்கம் போகிற இடத்தில் ஒரு சின்ன வால்வைக் கழற்றி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. "நீங்க காலை எடுத்தாலும் இது எடுக்காதுங்ணா, கொஞ்சமா பிரஷரைப் புடிச்சு வெச்சுக்கிட்டே இருக்கும். டிரம்முக்கு அது வேணும். டிஸ்க்குக்கு இருந்தா பேடு தட்டுலயே ஒட்டிக்கிட்டுக் காஞ்சு போயிரும்" என்றார். திருப்பிக் கொடுத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி இதற்கெல்லாம் பேப்பர் வாங்க வேண்டும், அது தனி அலைச்சல் என்றார். இன்னொன்றும் சொன்னார், பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளே நீலம் பாய்ந்திருந்ததாம், லைனர் கரியாகிப்போய் விரலால் தேய்த்தால் உதிர்ந்ததாம், ஆயில் டிக்காஷன் மாதிரி வந்ததாம். "ஆயில்ல தண்ணி சேந்திருந்தா சூட்டுல கொதிச்சு ஆவியாயிருமுங்ணா. ஆவியை எவ்வளவு மிதிச்சாலும் அமுங்கிட்டேதான் போகும். அப்பறம் ஆறுச்சுன்னா மறுபடி தண்ணியாயிக்கும், பெடல் கல்லு மாதிரி நிக்கும்" என்றார். சரிங்க பாய் என்றேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று தெரிந்தது. எதிர்வீட்டுக்கு வந்த தபாலை நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களே, அப்படி வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

கல்லு மாதிரித்தான் நின்றது. அதுதான் விஷயம். வண்டி மலையில் மோதியது காலையில், மறுநாள் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார், நானும் பக்கத்தில் நின்றேன், போலீஸ்காரர் என் தோளில் கை வைத்திருந்தார், பெடல் பாதிகூட இறங்கவில்லை. மறுபடி மிதித்தார், நின்றது. பிரேக் வேலை செய்கிறது என்று எழுதினார், அவர் பார்த்ததைத்தான் எழுதினார், அவரைச் சொல்லி என்ன. அங்கே நின்றுகொண்டு நான் என் காலுக்குள் தேடிப் பார்த்தேன். தரை வரைக்கும் போனதே, காலியாகப் போனதே, சேற்றில் கால் வைத்த மாதிரிப் போனதே என்று. அப்போதுதான் பாதம் மரத்துப்போனதா, அதற்கு முன்னாடியே போய்விட்டதா, தெரியவில்லை. பிறகு காரியத்தன்று பந்தலுக்குள்ளேயே பங்காளி ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார், பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாமா, பையன் அசந்துட்டான். அசந்தது மட்டுமில்லை, முழிச்சதும் தன்ற பக்கத்தைக் காப்பாத்திக்கிட்டு அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் முட்டிட்டான். மெதுவாகத்தான் சொன்னார். நான் வாழைக்காய் பஜ்ஜி பரிமாறிக்கொண்டிருந்தேன், அவருக்கும் போட்டேன். அதைக் கேட்டதற்குக் கோபம் வரவேண்டும் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன். கோபம் வரவில்லை, அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. அசந்திருப்பேனோ என்று வந்தது. முதலில் விளையாட்டுப் போலத்தான், அசந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு படம் போட்டுப் பார்த்தேன், அந்தப் படம் நன்றாக ஓடியது, அதில் பெடலே இல்லை, கண் மூடுகிறது, திறக்கிறது, பாறை. இப்போது இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, எது நடந்தது, எது நான் போட்டது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திம்பம் மலை. மேலே செக்போஸ்ட்டில் விடிகிற வரைக்கும் வண்டிகளை நிறுத்தி வைப்பார்கள், விடிந்ததும் ஒவ்வொன்றாக விடுவார்கள். மக்காச்சோளம் ஏற்றியிருந்தோம், நாமக்கல் கோழித் தீவனத்துக்கு. அதுவரைக்கும் ஓட்டி வந்தது மச்சான். வரிசையில் நின்றபோது நான் பின்னாடி படுத்துத் தூங்கினேன், தூங்கினேன் என்றுதான் நினைவு, ஆனால் குளிருக்கு முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்ததும் நினைவு இருக்கிறது. கேட்டைத் திறந்ததும் மச்சான், "நீ எடுடா, எனக்குக் கண்ணு எரியுது" என்று இடதுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். துண்டைத் தலைக்குக் கட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே குறட்டை. முன்னாடி ஒரு பெரிய லாரி, நகர்ந்தும் நகராமல் போனது, அதன் பின்னாலேயே மிதித்து மிதித்து இறங்கினேன். பனி. அந்த லாரியின் சிவப்பு விளக்கு பனியில் பெரிசாகிப் பெரிசாகித் தெரிந்தது. ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு வாசனை வந்தது, முன்னாடி வண்டியுடையது என்று நினைத்தேன். பிறகு அந்த லாரி ஓரம் ஒதுங்கி வழிவிட்டது, முந்தினேன், இறக்கம் நேராக இருந்தது, மிதித்தேன், கால் போனது. மறுபடி மிதித்தேன், போனது. கியரைக் குறைக்கப் பார்த்தேன், பல்லைக் கடிக்கிற சத்தம், நியூட்ரலில் போய் நின்றுகொண்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், கையோடு வந்தது. வலதுபக்கம் பள்ளம், பனி அதை மூடியிருந்தது, வெள்ளையாக, படுக்கை மாதிரி. இடதுபக்கம் மலை. திருப்பினேன். மச்சான் என்று கத்தினேனா? கத்தியிருப்பேன். கத்திய சத்தம் காதில் இல்லை. அப்புறம் எல்லாம் நின்றுபோய், மூட்டைகள் கிழிந்து மக்காச்சோளம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது, மழைத்தண்ணீர் ஓடுகிற மாதிரியே ஓடியது, கொஞ்ச நேரத்தில் குரங்குகள் இறங்கி வந்தன. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்து கை நிறைய அள்ளித் தின்றன. நான் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டையில் ஒரு கிழிசல் இல்லை.

சத்தியமங்கலத்து ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்தபோது அவளும் அந்தச் சட்டையைத்தான் பார்த்தாள். பிரேக்கு போச்சுக்கா என்றேன். பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து அவளோடு நேராக நான் ஒன்றும் பேசவில்லை, அவளும் பேசவில்லை, விசேஷத்துக்கு எதிரெதிரே நின்றால் சாப்டியா என்பாள், ம் என்பேன், அதற்குமேல் அவள் முகத்தில் நான் எதையும் தேடமாட்டேன். தேடினால் கிடைத்துவிடும் என்று பயம். மிதிங்க என்கிறார் பாய். மிதிக்கிறேன், முட்டியைப் பார்க்கிறேன், இன்னும் நீள்கிறது, "இன்னும் காத்து இருக்குதுங்ணா, குமிழி வந்துட்டே இருக்குது" என்கிறார். இப்போது ஒரு பயம் தட்டுகிறது. பயம் என்று சொன்னால் பெரிய வார்த்தை, சட்டைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி. இந்த ஆள் வண்டிக்கு அடியில் தலையை வைத்துப் படுத்திருக்கிறார். சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா? போட்டோம், நானே போட்டேன். போட்டேனா? போட்ட மாதிரி படம் இருக்கிறது. "பாய், கட்டை போட்டிருக்குதுங்களா?" என்று கேட்கிறேன். "ஏனுங்ணா, நீங்கதானே போட்டீங்க" என்று சிரிக்கிறார். "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்கிறேன். கீழே சிரிப்பு நிற்கிறது. "போட்டிருக்குது. முன்னாடியும் பின்னாடியும் போட்டிருக்குது" என்கிறார், குரலை மாற்றி, காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி.

ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம். கண்ணாடியில் பார்க்கிறேன், அக்கா. தறிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் பஞ்சுத் தூசி வெள்ளையாக இருக்கிறது, ஒரு விநாடி நரைத்துவிட்டதோ என்று நினைத்துக்கொள்கிறேன். குனிந்து பாயிடம் ஏதோ கேட்கிறாள், அவர் பதில் சொல்கிறார், பிறகு சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வருகிறாள். அந்தச் சாம்பல் நிறக் கதவு திறக்கிறது. அதைத் திறக்கவேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். மச்சானின் இடத்தில். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறாள். நானும் கண்ணாடியைப் பார்க்கிறேன். வெளியே வெல்டிங் வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கிறது.

"சாப்டியாடா?"

"ம்."

மிதிங்க என்கிறார் பாய். மிதிக்கிறேன், இறங்குகிறது, விடுங்க, விடுகிறேன். அக்கா இப்போது என் காலைப் பார்க்கிறாள். இரண்டு முறை, மூன்று முறை பார்க்கிறாள். தரை வரைக்கும் போகிற பெடலை, அதோடு போகிற காலை.

"சித்தே எறங்கு" என்கிறாள். "நான் மிதிக்கறேன்."

"உனக்கெதுக்குக்கா?"

"எறங்குடா."

இறங்குகிறேன். அவள் நான் இருந்த பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பெடல்மேல் வைக்கிறாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். "பாய், அக்கா மிதிக்கறாங்க" என்று குனிந்து சொல்கிறேன். மிதிங்கக்கா என்கிறார். மிதிக்கிறாள். கொஞ்சம் நிற்கிறது, அப்புறம் நிப்பிள் திறக்கிறது, அவள் கால் மெல்லப் போய்த் தரையைத் தொடுகிறது, அவள் உடம்பே முன்னால் சாய்கிறது, பிடிக்க ஒன்றும் இல்லாதவள் மாதிரி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்கிறாள். விடுங்கக்கா. விடவில்லை. காலைத் தரையிலேயே வைத்திருக்கிறாள்.

"இப்படித்தான் போச்சா?" என்று கேட்கிறாள்.

ஆமா என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. ஆஸ்பத்திரியில் சொன்னேன், போலீசில் சொன்னேன், கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, நான் எதைக் காட்டி ஆமா என்று சொல்வது? அவள் கால் நகங்களில் பழைய மருதாணி பாதி நகத்துக்கு மட்டும் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இதைவிட வேகமா" என்கிறது என் வாய். "இதைவிட வேகமாப் போச்சு." அது எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொள்கிறாள். மறுபடி மிதிக்கிறாள், மறுபடி போகிறது. பாய் சொல்லாமலே மிதிக்கிறாள். கீழேயிருந்து அவர், "அக்கா, நான் சொன்னா மட்டும் மிதிங்க, காத்து மறுபடி உள்ளே போயிரும்" என்கிறார், சரி என்கிறாள், அதற்கப்புறம் அவர் சொன்னபடியே மிதிக்கிறாள், ஒழுங்காக, பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றுக்கொள்கிறவள் மாதிரி நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு. ஒரு கட்டத்தில் பெடல் பாதியில் நிற்கிறது. "நின்னுருச்சு" என்கிறாள். "அவ்வளவுதான்க்கா, குமிழி இல்லை, சுத்தமா வருது" என்று பாய் வெளியே வருகிறார், முதுகெல்லாம் மண். அவள் இன்னும் ஒரு முறை மிதித்து, நிற்கிறதை உறுதிப்படுத்திக்கொண்டு, தன் இடத்துக்கு நகர்ந்துகொள்கிறாள்.

ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஏரிக்குப் போகிற பழைய ரோடு, யாரும் வராத ரோடு. பாய் முன்னாடியே நடந்து போய் ஓரமாக நின்றுகொள்கிறார், எந்தச் சக்கரம் முதலில் பிடிக்கிறது என்று அங்கிருந்து பார்ப்பாராம். நான் சாவியைத் திருப்புகிறேன். "எறங்கிக்கக்கா" என்கிறேன். "எதுக்கு?" என்கிறாள். கிளப்புகிறேன். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும், இந்த நடுக்கம் தெரியும், கியர் கையில் வந்து விழுகிற விதம் தெரியும், மூன்றாவது போட்டு வேகம் எடுக்கிறேன், வேலிகாத்தான் முள் இரண்டு பக்கமும் ஓடுகிறது, பாய் கையை உயர்த்திக் கீழே போடுகிறார், மிதிக்கிறேன். மிதித்தது தெரியவில்லை, முட்டியைப் பார்க்க நேரமில்லை, பின்சக்கரம் இரண்டும் கப்பென்று இறுகிக்கொண்டது, வால் வலதுபக்கம் வீசுகிறது, முள்ளுச்செடி கண்ணாடிக்கு நேராக வருகிறது, இடதுபக்கம் அக்கா, இடதுபக்கம் அக்கா இருக்கிறாள், அதுதான் ஓடியது தலைக்குள், வேறொன்றும் இல்லை, கை தானாக ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொடுத்தது, நின்றோம். குறுக்காக நின்றோம். புழுதி எங்களைத் தாண்டிப் போய் எங்களுக்கு முன்னால் இறங்கியது. அக்கா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்திருக்கிறாள். கத்தவில்லை.

பாய் ஓடி வருகிறார். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க, டிஸ்க்கு புடிக்கற புடி அது. வண்டி காலியா இருக்குது, பின்னாடி பிரஷர் எச்சாப் போவுது. முன்னாடி ஒரு முடி முந்திப் புடிக்கோணும், பின்னாடி அப்பறம் வரோணும். குறைச்சிரலாம்" என்கிறார். அடியில் நுழைந்து, பின்னால் போகிற லைனில் பிரஷரைக் கூட்டிக் குறைக்கப் புதுசாக மாட்டிய வால்வின் திருகைக் கொஞ்சமாகத் திருப்புகிறார், வெளியே வருகிறார், யோசிக்கிறார், மறுபடி நுழைந்து இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். திரும்ப ஓட்டுகிறேன். வால் ஆடியது, முதலில் ஆடிய அளவுக்கு இல்லை. மறுபடி திருகு. மறுபடி ஓட்டம். ஒவ்வொரு முறையும் அக்காவை இறங்கச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விடுகிறேன். கடைசியில் ஒரு முறை, கையைக் கீழே போட்டதும் மிதித்தேன், வண்டி மூக்கை லேசாகக் கவிழ்த்து, கயிறு போட்டு இழுத்த மாதிரி நேராக நின்றது. தூரத்தில் பாய் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார். அப்படியே நிற்கிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏரியில் தண்ணீர் இல்லை, நடுவில் யாரோ எள்ளு போட்டிருக்கிறார்கள்.

"யாருக்குக்கா வித்திருக்கே?" என்று கேட்டேன்.

"எதை?"

"வண்டியை."

"விக்கறேன்னு யாரு சொன்னா?"

"அப்பறம் எதுக்கு இந்த பிரேக்கெல்லாம்?"

இந்த முறை அவள் கண்ணாடியை விட்டு என்னைப் பார்த்தாள். சின்ன வயசில் கணக்குத் தப்பாகப் போட்டால் பார்ப்பாளே, அந்த மாதிரி, எரிச்சலோடு. "பிரேக்கு போச்சுன்னு நீதானே சொன்னே. அப்ப பிரேக்கைத்தானே மாத்தோணும்" என்றாள்.

நான் என்னவோ சொல்லப் போனேன். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்காத அளவு மெதுவாகச் சொன்னேன், அவளுக்குக் கேட்டுவிட்டது. "எனக்கே தெரியலக்கா. நான் தூங்கிட்டேனோ என்னமோ. எல்லாரும் சொல்றாங்க. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், தூங்கியிருந்தா?"

அவள் சாம்பல் நிறக் கதவின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நானும் நெனச்சேன்" என்றாள். "காரியம் முடியற வரைக்கும் அதுதான் நெனப்பு. உன்ற மூஞ்சியைப் பாக்கவே புடிக்கலை. அப்பறம் ஒருநா தறி ஓட்டிட்டு இருக்கறப்ப தோணுச்சு. பள்ளம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"சோத்துக்கைப் பக்கம்."

"வண்டி தானாப் போனா எங்க போயிருக்கும்?"

"பள்ளத்துக்கு. ரோடு அந்தப் பக்கம்தான் சாஞ்சிருக்கும்."

"மலைப் பக்கம் யாரு திருப்புனா?"

மலைப் பக்கம் என்றால் இடதுபக்கம். இடதுபக்கம் என்றால் அவள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடம். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் கேட்கிறாள், அவள் குரல் அந்த இடத்தில் ஒரு முறை தடுக்கியது, தடுக்கினாலும் நிற்கவில்லை. "தூங்கறவன் திருப்புவானாடா?" என்றாள். "நீ திருப்புனதுலதான் அவுங்க போனாங்க. அது எனக்குத் தெரியும். திருப்பாம விட்டிருந்தா ரெண்டு பேரையும் அள்ளியிருக்கோணும், அதுவும் தெரியும். எனக்கு ரெண்டும் தெரியும்." மூக்கைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, அழுது முடித்த ஆள் மாதிரி இருந்தாள். எனக்குத்தான் என்னவோ ஆகத் தொடங்கியது. முதலில் தொடை, பிறகு கெண்டைக்கால், ஆடி ஆடி பெடலில் தட்டிக்கொண்டே இருந்தது, கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. பாதத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது, ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் குத்துமே அப்படி, தாங்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா பார்த்தாள், பார்க்காத மாதிரி ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் புல்லுக்கட்டு ஏற்றிய டெம்போ ஒன்று வந்து ஹாரன் அடித்தது. கையைக் காட்டிப் போகச் சொன்னேன், அது முள்ளை உரசிக்கொண்டு போனது.

"அந்த எடத்தை நான் பாக்கலை" என்றாள், அது போன பிறகு. "யாரும் கூட்டிட்டுப் போகலை. பாக்கோணும்."

"மலையையா?"

"இந்த வண்டியிலயே போலாம். மேல வரைக்கும் போயிட்டு, அந்த வழியா எறங்கலாம். நீதான் ஓட்டோணும்."

பாய் தூரத்திலிருந்து என்ன ஆச்சு என்று கையால் கேட்கிறார். ஒன்றுமில்லை என்று கையால் சொல்கிறேன். முதல் கியர் போடுகிறேன், போட்டுவிட்டு கிளட்ச்சை விடாமல் வைத்திருக்கிறேன். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் அவள் வற்புறுத்தமாட்டாள், சரி என்று இறங்கி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விடுவாள், இனிமேல் எப்போதும் சாப்டியா, ம்.

"நான் ஓட்டறப்ப நீ தூங்கக்கூடாது" என்றேன்.

"எனக்கெங்கடா தூக்கம் வருது" என்றாள் அக்கா.